கோரி கேட்ட குமிழ்

"எந்த வேகத்துல ஓடினா, கோரி கத்திக் கைப்பிடி தேய்க்கிறான்னு தோணும்? அதை மட்டும் சொல்லிக் குடு டார்சி" என்றாள் வெர்னா.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், ஓடும் பட்டையில் கத்தியைத் தேய்த்துச் செய்யும் பெல்ட் கிரைண்டருக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் பொருத்த வந்திருந்தான் எலக்ட்ரீஷியன் டார்சி. வெர்னாவின் மகன் கோரியோடு ஒரே பள்ளியில் படித்தவன். பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு, வேகம் மாற்றத் தோதான மோட்டாரைப் பூட்டியிருந்தான். இரும்புத்தூசி புகாத பெட்டி ஒன்றைச் சுவரில் பதித்து, அதில் குமிழையும் வைத்தாயிற்று.

"கோரி போய் மூணு மாசம் ஆச்சு. இன்னுமா அவங்கப்பா கெல்வின்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? கோரியோட வண்டி கங்காரு மேல மோதி உருண்ட அன்னிக்கு, இவரு ஆடிலெய்டு ஆஸ்பத்திரியில நெஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருந்தாரு. சின்ன அதிர்ச்சிகூட ஆகாதுன்னுட்டாங்க டாக்டர். மகனைப் புதைச்சிட்டு, உதட்டுச் சாயம் பூசிக்கிட்டு இவரைப் பார்க்கப் போனவடா நான்."

டார்சி பெட்டியின் மூடியைத் திருகி முடுக்கினான்.

அப்பாவுக்கும் மகனுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. பிடிவாதத்தில் இரண்டும் ஒரே அச்சு. சண்டைக்குக் காரணம் இந்தக் குமிழ்தான். ஒரே வேகத்தில் ஓடினால் நுணுக்கமான வேலை செய்ய முடியவில்லை, குமிழ் வேண்டும் என்று கோரி கேட்டான். முப்பது வருடம் கத்தி செய்த கெல்வின், "மெதுவா ஓடணும்னா தையல் மிஷின் வாங்கிக்கடா" என்றார், நாலு பேர் முன்னால்.

அதோடு சரி. கோரி தினமும் நாலு மணிக்கு வேலை முடிந்து வருவான். நேரே கொட்டகைக்குப் போவான். ஒரு மணி நேரம் கத்தி தேய்த்துவிட்டு, வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் தன் இடத்துக்குப் போய்விடுவான். கெல்வின் படுக்கையறை ஜன்னலைத் திறந்துவைத்து அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பார். வீம்பு பிடித்த மனிதர், கூப்பிடவும் மாட்டார்.

கெல்வின் வீடு திரும்பிய நாளிலிருந்து நாலு மணிக்கு வெர்னாதான் கிரைண்டரை ஓட்டுகிறாள்.

"வெறுமனே ஓடினா சந்தேகப்படுவாருன்னு விறகுத் துண்டை வெச்சு அழுத்துறேன்" என்றாள். மூன்று விரல்களில் பிளாஸ்திரி. "ரொட்டி வெட்டும்போது பட்டுதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். போன வாரம் திடீர்னு, 'அவன் கேட்ட குமிழை வாங்கிப் போட்டுடு. அப்பன் தோத்துட்டான்னு சொல்லு'ன்னாரு. இதைக் கேட்க அவன் இல்லையேடா."

அப்போதும் அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று டார்சிக்குத் தோன்றியது.

காலில் இடறிய காலி வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு, குமிழைச் சுற்றிப் பென்சிலால் மூன்று கோடு போட்டான்.

"இது இரும்பைச் செதுக்குற வேகம். இது கூர் தீட்டுறது. இந்தக் கடைசிக் கோடு கைப்பிடி. விறகெல்லாம் வேண்டாம், வெர்னா. கிட்டவே போகாதீங்க. இங்கேயே நின்னு குமிழை மட்டும் திருப்பினா போதும், நெஜமாவே ஒரு ஆள் வேலை செய்ற மாதிரி கேட்கும்."

மணி நாலு. வெர்னா சுவிட்சைப் போட்டாள். டார்சி கெல்வினிடம் சொல்லிக்கொள்ள வீட்டுக்குள் போனான்.

தலையணையில் சாய்ந்து ஜன்னல் பக்கம் காதை வைத்திருந்தார் கெல்வின். கொட்டகையின் இரைச்சல் ஏறியது, இறங்கியது, பிறகு மெல்லிய முனகலாகிவிட்டது.

"என்னடா, கடைசியில தையல் மிஷினாவே ஆக்கிட்டியா?"

"கோரிக்கு ரொம்ப சந்தோஷம். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னான்" என்றான் டார்சி.

கெல்வின் அவன் பக்கம் திரும்பினார்.

"இனிமே பட்டை கிட்ட கை வைக்க வேண்டியதில்லையே?"

"இல்ல... யாரு கையை?"

"வெர்னா கையைத்தான். அந்தக் காயம் ரொட்டிக் கத்தி போட்டதுன்னு எங்கிட்டயே சொல்றா" என்றார் கெல்வின். "இரும்பு தேய்க்கிறவன் சூடு தணிய ரெண்டு இழுப்புக்கு ஒரு தடவை அதைத் தண்ணி வாளியில முக்குவான், டார்சி. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மொத நாள் அந்தச் சீறல் கேட்கல. அவனுக்குப் பதிலா வெர்னா ஏன் ஓட்டணும்? எம்மவன் இல்லேன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

டார்சி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

"அவகிட்ட சொல்லிடாத" என்றார் கெல்வின், சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "என்னைக் காப்பாத்திட்டிருக்கோம்கிற நெனப்புலதான் அவ இன்னும் விழாம நிக்கிறா."