நின்றிருக்க வேண்டிய புள்ளிகள்

விளக்கு எரிந்ததும் புள்ளிகள் பின்னோக்கி நகர ஆரம்பித்தன.

எங்கள் ரெக்கார்டு பிளேயரின் சுழலும் தட்டுக்கு விளிம்பு முழுக்கப் புள்ளிகள். வேகம் சரியாக இருந்தால், பக்கத்திலுள்ள குட்டி விளக்கின் வெளிச்சத்தில் அவை அசையாமல் நிற்பது போலத் தெரியும்.

நிற்கவில்லை. சாவகாசமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"என்ன அத்தான், இவ்ளோ ஸ்லோவா ஓடுது? உங்க தங்கக் காது லீவுல இருந்துச்சா?" என்றான் மைத்துனன்.

அவன் எலக்ட்ரீஷியன். அந்த விளக்கு போய் இரண்டு வருடம். மாற்றித் தருகிறேன் என்று அவன் சொன்னபோதெல்லாம், இந்தக் காது இருப்பவனுக்கு விளக்கு எதற்கு என்று மறுத்தவன் நான்தான். அவன் அக்கா போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆன பிறகு, வீட்டில் சத்தமே இல்லாமல் போய், சரி வா என்றேன்.

பெல்ட் தளர்ந்திருக்கும் என்று அறிவித்தேன். தளரவில்லை. மோட்டாருக்கு வயதாகிவிட்டது என்றேன். ஆகவில்லை. மூன்றாவது காரணத்தை நான் தேடிக்கொண்டிருந்தபோது அவன் பிளேயரைக் கவிழ்த்து டார்ச் அடித்தான்.

அடியில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாணி. அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

அது என் கைவேலை. கல்யாணமான முதல் மாதம், சரியான வேகம் இதுதான் என்று அடையாளம் வைக்க, மனைவியின் நகப்பூச்சை எடுத்தேன். கூடவே வகுப்பும் எடுத்தேன். மோட்டார், ரப்பர் பெல்ட், திருகாணி. இதை இடப்பக்கம் திருப்பினால் தட்டு மெதுவாகும். தட்டு மெதுவானால் பாடுபவரின் குரலும் கீழே இறங்கும். ஆகவே தொடாதே.

முக்கால் மணி நேரம். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். பிறகு, "சார், பெல் அடிச்சிடுச்சு" என்று எழுந்து போய்விட்டாள்.

என் புள்ளிக்கு இடப்பக்கம் இன்னும் மூன்று புள்ளிகள் இருந்தன.

முதலாவது ரோஜா நிறம். அடுத்தது காப்பி நிறம். மூன்றாவதற்கு நிறமே இல்லை. டார்ச் வெளிச்சத்தில் பளபளத்ததால் தெரிந்தது. நகத்தில் சாயம் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு அவள் வாங்கிய பூச்சு. திருகாணியின் பிளவு அந்தப் புள்ளிக்கு நேராக நின்றது.

மைத்துனன் டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

அவள் தினமும் சாயங்காலம் ரெக்கார்டோடு சேர்ந்து பாடுவாள். எப்போதும் ஒரே பாட்டு. தொண்டையில் நோய் என்று தெரிந்த பிறகும் விடவில்லை. நான் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, பரிசோதனை நடத்துவேன். பாடகியின் குரலும் அவள் குரலும் ஒட்டிக்கொண்டு போகும். ஓர் இழைகூட இறங்கவில்லை என்று தீர்ப்புச் சொல்வேன்.

டாக்டரிடமும் சொன்னேன். முதலில் என் காதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கிவிட்டுச் சொன்னேன். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வரும் வழியெல்லாம் நான் விசில் அடித்துக்கொண்டு வந்தேன்.

"பழைய இடத்துக்கே திருப்பிடவா, அத்தான்?"

வேண்டாம் என்றேன். இன்னும் இடப்பக்கம் போகுமா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன்.

திருப்பிப் பார்த்தான். "போகாது. இதான் கடைசி."

அப்போதுதான் அவள் பாடுவதை நிறுத்திய அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. ரெக்கார்டைப் போட்டாள், ஊசியை இறக்கினாள், என் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"இனிமே நீங்க பாடுங்க. நான் கேக்கறேன்."

அந்தப் பாட்டின் உச்சி எனக்கு ஒருநாளும் எட்டியதில்லை. அன்று எட்டியது. ஆயுசிலேயே முதல் தடவையாகச் சுருதி பிசகாமல் பாடி முடித்தேன்.

அவள் கைதட்டினாள்.

நான் ஊசியைத் தூக்கி வைத்து, மறுபடியும் முதலிலிருந்து பாடினேன்.