ஆளோடு எடை

என்ஜினில் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லிச் சக்கரத்தை இலேசானதாக மாற்றினால் வண்டியின் எடையில் இரண்டு கிலோ குறையும், அவ்வளவுதான். பழையதைக் கழற்றும் முன், மெக்கானிக் தன் தங்கை கணவரை ஸ்டியரிங் முன் உட்காரவைத்து அந்த ஸ்போர்ட்ஸ் காரை எடை போட்டார். 1262 கிலோ, அதில் மாப்பிள்ளை மட்டும் 62.

புதியது மாட்டியதும் மாப்பிள்ளை ஓட்டிப் பார்க்கப் போனார். அரைமணி தாமதமாகத் திரும்பி, வண்டியை நேராக எடைமேடையில் ஏற்றினார். 1260 காட்ட வேண்டும். 1198 காட்டியது.

"கொஞ்சம் இறங்குங்க மாப்ள."

இறங்கினார். 1198. மறுபடி ஏறி உட்கார்ந்தார். 1198. மெக்கானிக் தன் ஒரு காலை மேடையில் ஊன்றினார். எண் ஏறியது.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? வண்டி சும்மா பறக்குது!"

மாடியிலிருந்து தங்கை கூப்பிட்டாள். "ரெண்டு பேரும் சாப்பிட வாங்க!"

ஒரு தட்டு போதும் என்று சொல்ல அண்ணனுக்கு நா எழவில்லை.