குடும்பப் பெயர்

ஒன்பது நிமிடம், நாற்பத்தொரு விநாடி.

செல்போன் திரையின் மூலையில் கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அது பூஜ்யத்தைத் தொடுவதற்குள் விவரங்களை நிரப்பிவிட வேண்டும். இல்லையென்றால் சலுகை டிக்கெட் போச்சு. பாங்காக்கும் போச்சு.

அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

பயணிகள்: மூன்று.

அந்த மூன்றை அழிக்க வேண்டியிருந்தது.

எட்டு மாதத் திட்டம். ஆவடி மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில், மூன்று தோழிகள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போட்ட திட்டம். நான்கு பகல், மூன்று இரவு. ஆளுக்கு ஏழு கிலோ பை, மேலே ஒரு கைக்குட்டைகூடக் கூடாது. டாக்சி கிடையாது, ஆற்றுப் படகு. ஜெசிந்தா புளிக்காய்ச்சல் கொண்டுவருவாள், குமுதா பருப்புப் பொடி, இவள் குட்டி எலெக்ட்ரிக் குக்கர். பெட்டியில் பூ விற்கிறவள்கூட, "ஃபாரின்காரம்மா, முழம் வேணுமா?" என்றுதான் கூப்பிடுவாள்.

இன்று காலை எட்டு மணிக்கு ஜெசிந்தா போன் செய்து, தான் வரவில்லை என்றாள்.

எட்டேகாலுக்குக் குமுதா.

இருவருக்கும் ஒரே காரணம். அட்சரம் பிசகாமல் ஒரே காரணம்.

"உங்க வீட்டுக்காரரே எங்க வீட்டுக்குப் போன் பண்ணினாருக்கா. அது குடும்பப் பொம்பளைங்க போற ஊரு இல்லையாமே."

உங்க வீட்டுக்காரர்!

அந்த வீட்டுக்காரர் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தனசேகர். பாங்காக்குக்கு மூன்று முறை போய்வந்த தனசேகர். மூன்று முறையும் டீலர் மாநாடு. மூன்று முறையும் அவளுக்கு ஒரு தைல டப்பா, ஒரு யானைச் சாவிக்கொத்து. கூடப் போனவர்கள் போனில் கூப்பிட்டால் மட்டும் மாடிக்குப் போய், குலுங்கிக் குலுங்கி ஒரு சிரிப்பு.

அவர் போனால் மாநாடு. அவள் படகில் ஏறினால் குடும்பம் மூழ்கிவிடும்.

எந்த ஊர் நியாயம் இது?

ஏழு நிமிடம், பதினெட்டு.

மூன்றை இரண்டாக்கினாள். விரல் நின்றது.

இரண்டை ஒன்றாக்கினாள்.

விடுதியின் மூன்று கட்டில் அறை, பெண்கள் பொது அறையில் ஒரு மேல்கட்டிலாகச் சுருங்கியது. சுருங்கட்டும். இருபது வருடம் ரயிலில் தொங்கியவளுக்கு மேல்கட்டில் ஒரு பெரிய உயரமா?

பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து பாஸ்போர்ட்டை உருவினாள். ஆறு வருடத்துக்கு முன் அவர்தான் எடுத்துக் கொடுத்தார். பறப்பதற்கு அல்ல. முகவரிச் சான்றுக்கு. பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி படிவத்தை அவரே நிரப்பினார். பாதிக் கட்டங்களை நிரப்பவே இல்லை. உனக்கு இது போதும் என்றார்.

ஒரு முத்திரைகூட விழாத பாஸ்போர்ட். பிரித்தால் பாச்சை உருண்டை வாசனை.

பெயர். தட்டினாள்.

குடும்பப் பெயர்?

பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். அங்கே வெற்றிடம். இங்கேயும் வெற்றிடமாக விட்டு அடுத்த பக்கத்தை அழுத்தினாள்.

சிவப்பு எழுத்து. குடும்பப் பெயர் அவசியம்.

இனிஷியலைப் போட்டாள்.

மறுபடி சிவப்பு. ஒற்றை எழுத்து செல்லாது.

நான்கு நிமிடம், ஐந்து.

"என்ன, நின்னு போச்சா?"

பேப்பர் மடிந்திருந்தது. பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தார். சிரித்தார். அதே மாடிச் சிரிப்பு.

"கேஸ் சிலிண்டரே என் பேர்லதான் வருது. ஏரோப்ளேன் மட்டும் தனியா வந்துருமாக்கும்? என் பேரைப் போடு."

கறிக்கடைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். விசில் வேறு.

அவள் விரல் அவர் பெயரைத் தட்டத் தொடங்கியது. பழக்க தோஷம். ஸ்கூல் படிவம், பேங்க் படிவம், ஆஸ்பத்திரி படிவம் எல்லாவற்றிலும் ஓடிய விரல்.

தன. தனசே.

நின்றது.

பாஸ்போர்ட்டில் இல்லாத பெயர் டிக்கெட்டில் இருந்தால் விமான நிலைய வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். எட்டு மாதம் மூன்று பேரும் மாற்றி மாற்றிப் படித்த பாடம் அது. அந்தப் பெயரைப் போட்டால், இவள் பயணம் அங்கேயே சரி.

ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

இரண்டு நிமிடம், ஒன்பது.

கட்டத்துக்குக் கீழே, சாம்பல் நிறத்தில், எறும்பு மாதிரி ஒரு வரி. போனைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

குடும்பப் பெயர் இல்லாதவர்கள் தங்கள் பெயரையே மீண்டும் எழுதவும்.

இன்னொரு முறை படித்தாள்.

பிறகு தட்டினாள். நிதானமாக. கடிகாரம் ஓடினால் ஓடட்டும்.

பொற்கொடி.

இந்த வீட்டில் அவளுக்கு 'ஏய்', 'இந்தா', 'கேட்டியா' என்று மூன்று பெயர்கள் உண்டு. இது அதில் இல்லை.

அவளுடைய சம்பளக் கார்டு. ஓடிபி. பத்தொன்பது விநாடி மிச்சமிருக்கும்போது திரை பச்சையானது.

கறியோடு அவர் திரும்பியபோது அவள் கட்டிலருகே நின்றிருந்தாள். முதுகுப்பையைக் கொக்கித் தராசில் மாட்டி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். மெத்தையில் கிடந்த போனில் டிக்கெட் திறந்திருந்தது.

குனிந்து பார்த்தார். விசில் நின்றது.

"பொற்கொடி... பொற்கொடி." எழுத்துக் கூட்டுவதுபோல் படித்தார். "அவளுங்கதான் வரலையே. இதுல என்ன ரெண்டு பேரு?"

"ரெண்டும் நான்தான்."

அவர் கறிப்பையை நீட்டினார்.

தராசு முள் ஆறில் ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை பார்க்க வேண்டும்.

அவளுக்குக் கை ஒழியவில்லை.