கடைசி நிமிட விசில்

"போதும்க்கா, வீடியோவை நிறுத்துங்க" என்றான் கருத்து.

"என்ன போதும்? இன்னொரு தடவை பாரு. பந்தை அடிக்கிறப்போ நம்ம ஆள் எங்க நிக்கிறான்? எதிரணி ஆளுங்களைத் தாண்டி ரெண்டடி முன்னாடி! சின்னக் குழந்தைகூடச் சொல்லும் ஆஃப்சைடுன்னு. நடுவர் ஊதினது நூத்துக்கு நூறு சரி."

திட்டிக்கொண்டிருந்தவள் கல்லூரிப் பத்திரிகையின் ஆசிரியை, இறுதியாண்டு மாணவி. மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைதான் அலுவலகம். சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும்.

கருத்து இரண்டாமாண்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எதைக் கேட்டாலும் ஒரு கருத்து வைத்திருந்ததால் கல்லூரி வைத்த பெயர் இது. வாரந்தோறும் அவன் எழுதிய பக்கத்துக்கும் அதே பெயர்தான். கேன்டீன் டீ, ஆண்டு விழா டான்ஸ், புதுப்படம், நூலகத்தில் சுற்றாத மின்விசிறி, கால்பந்து அணி என்று ஒன்றையும் அவன் விட்டுவைத்ததில்லை. படிக்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரிக்க வைத்துப் பழகிவிட்டால் நிறுத்துவது கஷ்டம், பாவம்.

போன ஞாயிறு இறுதிப் போட்டி. கடைசி நிமிடத்தில் கல்லூரி அணி அடித்த கோல் செல்லாது என்று நடுவர் விசில் ஊதிவிட்டார். கோப்பை கைநழுவிப் போனது. திங்கட்கிழமை இதழில் கருத்து எழுதினான்: "விசிலை மறக்காமல் எடுத்துவந்த நடுவர், கண்ணை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டார். அடுத்த கோப்பையை அவருக்கே கொடுத்துவிடலாம், பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடியும் வைத்து." விடுதியில் அதைச் சத்தம் போட்டுப் படித்தார்கள். சுவரிலும் ஒட்டினார்கள்.

"அவர் விலகிட்டார், தெரியுமா?" என்றாள் ஆசிரியை.

"தெரியும்."

"இருபத்திரண்டு வருஷம் மைதானத்துல நின்னவர்டா! 'என் கண்மேல எனக்கே நம்பிக்கை போயிடுச்சு'ன்னு நடுவர் சங்கத்துக்கு எழுதிக் குடுத்துட்டாராம். நாளைக்குக் காலையில கூட்டம். அதுல ஏத்துக்கிட்டா அவ்வளவுதான், முடிஞ்சுது. நீ கோல் போஸ்ட் பக்கத்துலதானே நின்னிருப்பே? உனக்குமா தெரியலை?"

கருத்து மேசை விளிம்பில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினான். "தப்புதான்க்கா. முதல் பக்கத்துல மன்னிப்புப் போடுங்க. என் நிஜப் பேரு, போட்டோ எல்லாம் போடுங்க. இனிமே நான் எழுதவே மாட்டேன்."

"ஆஹா, பெரிய தியாகம்! அடுத்த இதழ் வர்றதுக்குள்ள கூட்டமே முடிஞ்சுடும். இப்பவே அவர்கிட்டப் பேசு. நம்பர் வாங்கிட்டு வந்திருக்கேன்."

"ஐயோ, வேண்டாம்க்கா! யார் கால்ல வேணும்னாலும் விழறேன். அவர்கிட்ட மட்டும் என்னால பேச முடியாது."

"ஊரையெல்லாம் வறுத்தெடுக்கத் தெரியுது, ஒரு 'மன்னிச்சுடுங்க' வாயில வராதா? திமிருடா உனக்கு."

"திமிர் இல்லக்கா. மூணு நாளா சாப்பாடு தொண்டையில இறங்கலை. எல்லாம் என் வாயால வந்த வினை."

அவள் அவனை நம்பவில்லை. எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். அவன் எட்டிப் பிடுங்குவதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"வணக்கம் சார். காலேஜ் பத்திரிகையிலிருந்து பேசறேன். அன்னிக்கு நீங்க ஊதினதுதான் சார் சரி. மொட்டைமாடியிலிருந்து எடுத்த வீடியோ கிடைச்சிருக்கு. நாங்க எழுதினதுதான் தப்பு. தயவுசெஞ்சு கடிதத்தைத் திரும்ப வாங்கிடுங்க சார்."

ஸ்பீக்கரில் நடுவரின் குரல் கேட்டது.

"ரொம்ப நன்றிம்மா. எழுதின பையனைத் திட்டாதீங்க. சின்னப் பிள்ளை, கண்ணால பார்த்ததைத்தானே எழுதியிருப்பான்? நான் அதுக்காக விலகலை. இதைவிட மோசமாத் திட்டு வாங்கியும் மறுநாள் விசிலோட போய் நின்னவன் நான்."

"அப்புறம் ஏன் சார்?"

"என் பையன் அங்கதான்மா படிக்கிறான். நான் வர்றதைச் சொல்லாம, 'ஞாயித்துக்கிழமை மேட்சுக்குப் போடா, மறந்துடாதே'ன்னு மட்டும் சொல்லி வெச்சேன். மைதானத்துல திடீர்னு என்னைப் பார்த்தா சந்தோஷப்படுவான்னு ஒரு ஆசை. மேட்ச் முடிஞ்சதும் தேடினேன், ஆளைக் காணோம். எல்லாரும் என்னைப் பார்த்துக் கத்தறாங்களேன்னு கூச்சப்பட்டுப் போயிட்டான் போலிருக்கு. உங்க பத்திரிகை வந்த அன்னிக்கு போன் பண்ணி, 'வந்தியாடா?'ன்னு கேட்டேன். வந்தேன்னான். 'அப்போ நீயே சொல்லு, நான் ஊதினது தப்பா?'ன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், 'தப்புதான்'னான்."

ஆசிரியை விடவில்லை. "வீடியோவை ஒரே ஒரு தடவை பாருங்க சார்" என்றாள்.

"வீடியோ எதை வேணும்னாலும் சொல்லட்டும்மா. என் பிள்ளை நேர்ல நின்னு பார்த்தவன். அவன் எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டான்."

கருத்து அவளிடமிருந்து போனை வாங்கினான்.

"அப்பா, எழுதினது நான்தான்" என்றான். "நான் அன்னிக்கு மேட்சுக்கே வரலைப்பா."