குடைக் கடை

மகள் வாய் வரைக்கும் கொண்டுபோன கேக் துண்டை, தட்டோடு சேர்த்துப் பிடுங்கினாள் அவளுடைய மாமியார்.

கறார் எழுந்தே விட்டார்.

பழைய சாமான் சந்தையில் அவருக்கு அதுதான் பெயர். புதுக் கப்பலைக் காட்டினாலும் ஓட்டை இருக்கிறது என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்கிற ஆள்.

கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அவர் வாங்கி வந்த கேக். அவரே வெட்டி, அவரே மகளிடம் கொடுத்தது.

"என்ன சம்பந்தியம்மா இது?"

"வேணாம் அண்ணே. வெளியில இருந்து வர்ற எதையும் நான் பார்க்காம இவ வாயில வைக்கக்கூடாது."

"நீங்க பார்க்காம?"

"ஆமா. அவளுக்கு வேணுங்கறதை நானே செஞ்சு தர்றேன்."

தட்டைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து, மருமகளின் விரல்களை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்த துணியையும் குப்பையில் போட்டாள்.

பெற்ற அப்பன் கொடுத்தது அவ்வளவு அசிங்கமா?

கறார் மகளைப் பார்த்தார். சின்னப்பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரையே எதிர்த்துப் பேசுகிற பெண், வாயைத் திறக்கவில்லை.

"ஏம்மா, தினமும் இதுதான் நடக்குதா?"

"அப்பா, முதல்ல உட்காருங்க."

"எங்க உட்கார்றது? வாசல்லயே பார்த்துட்டுத்தான் வந்தேன். மாப்பிள்ளையோட தாத்தா காலத்து வேர்க்கடலைக் கடை. வறுக்கிற சட்டியைக் காணோம். குடை தொங்குது. மழையே எட்டிப் பார்க்காத ஊர்ல குடை." மாமியார் பக்கம் திரும்பினார். "தொழில் நொடிச்சுப் போச்சு. வந்தவ கால் வெச்ச நேரம்னு என் பொண்ணு வாயைக் கட்டுறீங்க. அதானே?"

மாமியாரின் முகம் ஒரு கணம் மாறியது. குரல் உயரவில்லை.

"கடையைப் பத்திப் பேச வேணாம் அண்ணே."

"பேசத்தான் செய்வேன். என் வீட்டுல எதை வேணும்னாலும் சாப்பிட்டு வளர்ந்தவ இவ."

"எதை வேணும்னாலுமா?"

கறார் பார்வையை வேறு பக்கம் திருப்பினார். ஆனால் பேரத்தில் பின்வாங்கினால் போச்சு. அது அவருக்கு ரத்தத்தில் ஊறிய பாடம்.

"ஆமா. எதை வேணும்னாலும். பெட்டியைக் கட்டும்மா, கிளம்பலாம்."

மகள் அசையவில்லை.

மாமியார் உள்ளே போய் அந்தத் தட்டை எடுத்து வந்தாள். மகளுக்கு எட்டாத மூலையில், கறாருக்கு முன்னால் வைத்தாள். கரண்டியால் கேக்கைப் பிளந்து காட்டினாள். நடுவில் பழுப்பாக ஒரு பூச்சு.

"இது என்னன்னு கேட்டீங்களா?"

"கேட்காம வாங்குற ஆளா நான்?"

"கடைக்காரர் என்ன சொன்னார்?"

கறார் யோசித்தார். பேக்கரியில் மல்லுக்கட்டியது ஞாபகம் வந்தது. விலையைக் குறைக்க, நேத்துப் போட்ட கேக் என்றார். ஓரம் உடைந்திருக்கிறது என்றார். கடைசியில் ஜெயித்துவிட்டுத்தான் வந்தார்.

கேட்டதெல்லாம் விலையைத்தான்.

பூச்சை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். வேர்க்கடலை விழுது.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடச் சீருடையோடு இதே மகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது கண்முன்னால் வந்து நின்றது. முகம் வீங்கி, மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். தின்றது ஒரே ஒரு கடலை.

கல்யாணப் பேச்சில் அவர் மறைத்தது அதைத்தான். தங்கமான பையன். கடலை வறுத்துப் பிழைக்கிறவர்களிடம் போய், என் பெண்ணுக்குக் கடலை ஆகாது என்றால் நல்ல இடம் கைநழுவிப் போகும். "பிடிக்காதுன்னு மட்டும் சொல்லு, சாப்பிடாம இருந்தா எதுவும் ஆகாது" என்று மகளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"வந்த வாரமே அண்ணே. கடையில போய் நின்னா. வறுக்கிற தூசிக்கே மூச்சு நின்னுடப் பார்த்துச்சு. வாரிப் போட்டுக்கிட்டு ஓடினோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே. நாலு பேரைக் கூட்டி என்னை நாறடிச்சிருக்கலாமே. நானா இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பேன்."

"கேட்டா, பெத்த பொண்ணு முன்னாடி நீங்க தலைகுனிஞ்சு நிக்கணும். அது எதுக்குன்னு இவளையும் வாயைத் திறக்கக்கூடாதுன்னுட்டேன்."

"தெரிஞ்சும் ஏன்மா அதை வாய்கிட்ட கொண்டுபோனே?" என்று மகளிடம் கேட்டார்.

"நீங்க குடுத்தா பார்த்துத்தான் குடுப்பீங்கன்னு நினைச்சேன்ப்பா."

கறார் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசல் பக்கம் ஒரு குரல் கேட்டது.

"என்ன தம்பி, உங்க கடலைக்காகவே அவ்வளவு தூரத்துல இருந்து வர்றேன். சட்டியை இறக்கிட்டீங்க போல. வியாபாரம் படுத்துடுச்சா?"

மாப்பிள்ளை சிரிப்பது உள்ளே வரைக்கும் கேட்டது.

"வியாபாரம் நல்லாத்தாங்க போச்சு. எங்க வீட்டுல ஒருத்தருக்குக் கடலை ஆகாது. குடை பாருங்க."