உள்ளங்கைச் சாவி

"தெருவுல எங்கயாச்சும் விழுந்து வெச்சா யாரு பாக்கறது?" என்று சொல்லித்தான் சூசை தன் மனைவி அமலோற்பவத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவான். பூட்டு விழும் சத்தம் கேட்டதுமே அவளுக்கு வலிப்பு வந்துவிடும். கையில் இரும்பு இருந்தால் அடங்குமென்று, திறந்துகொண்டு ஓடிவந்து அந்தச் சாவியையே அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்துவான். அடங்கியதும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி பூட்டுவான். ஒரே நாளில் இரண்டாவது தடவை வலிப்பு வராது. இன்று உதறல் நின்றதும், கடைவாய் நுரையை முந்தானையால் அவளே துடைத்துக்கொண்டாள். விரல்கள் மட்டும் விரியவில்லை. "விடு அமலா, அதான் நின்னுருச்சே" என்றான். "எனக்கு இன்னும் நிக்கலைங்க" என்று நிதானமாக எழுந்து உட்கார்ந்தாள். "நேரமாச்சு, கிளம்புங்க. நான் வெளிய போறப்ப பூட்டிக்கிறேன்."