கண் சிமிட்டாத படம்

“இன்னைக்கும் உன்னை நாற்காலியில உட்கார வெச்சுட்டானா?”

கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடியே நாத்தனார் கேட்டாள்.

“கொஞ்ச நேரம்தான் அக்கா. அவர் ஃப்ளாஷ் கத்துக்கணுமாம்.”

“கத்துக்கறதுக்கு நீதான் கிடைச்சியா? பூச்சாடியை வெச்சு எடுக்கச் சொல்லு.”

“பூச்சாடி கண் சிமிட்டாதே அக்கா,” என்றான் தம்பி, கேமரா தலையில் ஃப்ளாஷை மாட்டிக்கொண்டே. “மனுஷ மூஞ்சின்னாதான் கஷ்டம் புரியும்.”

“இவளுக்குப் புரிஞ்சுடுச்சு. உனக்குத்தான் புரியல.”

நாத்தனார் சும்மா பேசுகிறவள் இல்லை. சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருப்பவள். அழுகிற குழந்தையையும் முறைக்கிற சம்பந்தியையும் ஒரே படத்தில் சிரிக்க வைப்பவள். தம்பிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஒத்தாசைக்கு ஆளில்லை என்றதும் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு வந்து நின்றாள்.

வந்ததும் அவன் புதிதாக வாங்கிய ஃப்ளாஷைப் பார்த்தாள். பாடம் ஆரம்பித்துவிட்டது.

“நேரா மூஞ்சியில அடிக்காதே. திருடனைப் பிடிச்ச மாதிரி இருக்கும். ஃப்ளாஷைக் கூரைப் பக்கம் திருப்பு. வெளிச்சம் மேல போய் முட்டி, மெத்துன்னு கீழ இறங்கும்.”

அவன் பவ்யமாகத் தலையாட்டினான். மறுநாள் கூரையை விட்டுவிட்டுப் பச்சைச் சுவரில் முட்டவிட்டான். படத்தில் மனைவியின் முகம் இளம்பச்சையாக வந்தது.

“என்னடா இது?”

“பொண்டாட்டியைக் கிளி மாதிரி வெச்சுக்கணும்னு நீதானே அக்கா சொன்னே.”

“மரமண்டை. பச்சையில முட்டினா பச்சையாத்தான் வரும்.”

அதற்கு அடுத்த நாள் மூக்கு நிழல் மீசையாக விழுந்தது. அப்புறம் நெற்றி மட்டும் தகரம் மாதிரி பளபளத்தது. அதெல்லாம் சரியானபோது, ஃப்ளாஷ் அடிக்கும் நேரம் பார்த்து அவள் கண்ணை மூடினாள்.

அதற்கும் நாத்தனார் ஒரு தொழில் ரகசியம் சொல்லிக் கொடுத்தாள்.

“முதல்லயே கண்ணை மூடிக்கச் சொல்லு. ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணு. மூணுக்குத் திறக்கச் சொல்லி டக்குன்னு அடி. புதுசாத் திறந்த கண்ணு உடனே சிமிட்டாது. என் ஸ்டூடியோவுல பாதிப் பேருக்கு இப்படித்தான் கண்ணே வருது.”

இவ்வளவு சொல்லியும் பையன் தேறவில்லை. தினமும் மத்தியானம் ஆனால் நாற்காலி, தினமும் ‘நாளைக்கு இன்னொரு தடவை பார்த்துடலாம்.’

நாத்தனாருக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ராத்திரி முழுக்கக் குழந்தை தூங்க விடுவதில்லை. குழந்தை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கண் இரண்டும் குழி விழுந்துவிட்டது. ஆனாலும் பகலில் கட்டில் பக்கம் போகிறாளா? நாத்தனாரின் காலடி கேட்டாலே எதையாவது மடிக்க ஆரம்பித்துவிடுவாள்.

‘சுறுசுறுப்புல அப்படியே என்னை மாதிரி. வாய்ச்சவன்தான் சரியில்லை’ என்று நாத்தனார் நினைத்துக்கொண்டாள்.

இன்றைக்குக் குழந்தை சீக்கிரமே தூங்கிவிட்டது. நாத்தனார் அதைத் தொட்டிலில் போட்டுவிட்டு அடுப்படியில் பால் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். முன்னறையில் தம்பியின் குரல் கேட்டது.

“கண்ணை மூடிக்கோ. ஒண்ணு... ரெண்டு...”

மூணு வரவில்லை.

புட்டியைக் கழுவி முடித்தாள். மூடியையும் கழுவினாள். கவிழ்த்து வைத்துக் கையையும் துடைத்துவிட்டாள். அப்போதும் மூணு வரவில்லை. ஃப்ளாஷும் மின்னவில்லை.

நாத்தனாருக்குச் சுர்ரென்று ஏறியது. முன்னறைக்குப் போனாள். தம்பி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஏதோ லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஏன்டா, உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா? பச்சை உடம்புக்காரியைக் கண்ணை மூட வெச்சுட்டு நீ பாத்திரம் தேய்க்கிறியா? கொண்டா இங்க. நானே ஒரு படம் எடுத்து இந்தக் கூத்தை முடிச்சு வைக்கிறேன்.”

“அக்கா, மெதுவா...”

அவன் மடியிலிருந்த கேமராவைப் பிடுங்கினாள். எந்த லட்சணத்தில் எடுத்திருக்கிறான் என்று பார்க்கப் பொத்தானை அழுத்தி அழுத்திப் பழைய படங்கள்வரை போனாள்.

குழந்தையின் உள்ளங்கால். அம்மாவின் விரலைப் பற்றிய குட்டிக் கை. தூங்கும் முகம். நிழல் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாத அளவுக்கு வெளிச்சம் இழைந்திருந்தது. அவள் ஸ்டூடியோ வாசலில் மாட்டியிருக்கும் படம்கூட இவ்வளவு நன்றாக இல்லை.

“இதெல்லாம் யாருடா எடுத்தது?”

“நான்தான்.”

“எப்போ?”

“நீ வர்றதுக்கு முன்னாடி.”

“அப்போ பச்சைச் சுவரு? மீசை?”

அவன் வாயில் விரல் வைத்து நாற்காலியைக் காட்டினான்.

தம்பி மனைவி நாற்காலி முதுகில் அண்டக் கொடுத்திருந்த தலையணையில் கன்னம் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் குரலைத் தணித்துக்கொண்டாள். “மூணு சொல்லவே மாட்டியா?”

“சொன்னா முழிச்சுக்குவா.”

“அட கிறுக்குப் பயலே, தூங்கணும்னா கட்டில்ல நீட்டிப் படுக்க வேண்டியதுதானே? இந்த வீட்டுல யாரு அவளை வேண்டாம்னது?”

அவன் லென்ஸைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னான்.

“நீதான்க்கா. வந்த அன்னைக்கே அவ பகல்ல படுத்திருந்ததைப் பார்த்து, ‘நாங்கல்லாம் பிள்ளை பெத்துட்டு இப்படிக் காலை நீட்டினதே இல்லம்மா’ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னியே.”